தராசில் ஏறிய சாம்பியன்கள்



1995-ம் வருடம் ஜனவரி மாதம். பிலிப்பைன்ஸ் நாட்டில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன்னுடைய முதல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காக எடை மேடையில் ஏறுகிறான். அந்தப் பிரிவில் இறங்குவதற்கு வேண்டிய எடை அவனிடம் இல்லை. வறுமை தாங்காமல் பதினாலு வயதில் வீட்டை விட்டு மணிலாவுக்குக் கிளம்பி வந்தவனுக்கு எடை எங்கிருந்து வரும்? என்ன செய்தான் தெரியுமா? கனமான பொருள்களைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஏறினான்! சண்டைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பெரிய ஆளான பிறகு இதை அவரே சொன்னார்.

இப்போது 2010-ம் வருடம் நவம்பர் 13-ம் தேதிக்கு வாருங்கள். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் ஒரு பிரம்மாண்டமான மைதானம். அதே ஆள் நிற்கிறார், உயரம் ஐந்தடி ஐந்தரை அங்குலம். எதிரே ஐந்தடி பதினோரு அங்குலத்தில் மெக்சிகோ வீரர் அந்தோனியோ மார்கரீட்டோ. சண்டை இரவில் எடை போட்டபோது இவர் 148 பவுண்டு, அவர் 165. பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது மார்கரீட்டோவின் வலது கண்ணைச் சுற்றியிருந்த எலும்பு உடைந்திருந்தது. ஜெயித்தவர் மேனி பாக்கியாவ். அது அவருக்கு எட்டாவது எடைப் பிரிவில் உலகப் பட்டம். வேறு எந்த ஆணும் அதுவரை எட்டியதில்லை.

முதல் பட்டம் 112 பவுண்டு பிரிவில், அதாவது 50.8 கிலோ. எட்டாவது 154 பவுண்டு பிரிவில், 69.9 கிலோ. நடுவில் 19 கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டரில் இருக்கிற கேஸே 14.2 கிலோதான்!

எங்கள் ஹாஸ்டலில் இதைப் பற்றி ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னார்: "எட்டுன்னா எட்டு. கணக்கு கணக்குதான். இவரைவிடப் பெரிய ஆள் கிடையாது." நான் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்று ஒரு பெயரைச் சொன்னேன். "அவர் எத்தனை?" என்றார். "மூணு" என்றேன். ரூமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. குத்துச்சண்டைக் கையுறையைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனால் கபடி ஆடியிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் பொங்கல் வந்தால் '55 கிலோ எடைப் பிரிவு', '60 கிலோ எடைப் பிரிவு' என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஒரு ஓரமாக எடை மெஷினை வைத்துக்கொண்டு விழாக் கமிட்டி அண்ணன் உட்கார்ந்திருப்பார். அரைக் கிலோ கூட இருந்தாலும் "போயிட்டு வா தம்பி" என்பார். அதனால் தராசு என்றால் என்ன பயம் என்பது எனக்குத் தெரியும்.

எடைப் பிரிவு எதற்கு? குத்து என்பது கையில் இருந்து வருவதில்லை. கால் தரையைத் தள்ளுகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் பின்னால் வருகிறது, கடைசியில்தான் முஷ்டி. ஆக மொத்த உடம்பின் எடையும் குத்துக்குப் பின்னால் நிற்கிறது. வாங்குகிற பக்கமும் அப்படியே. கனமான தலை, தடித்த கழுத்து உள்ளவனுக்கு அதே குத்தில் தலை குறைவாகத்தான் ஆடும். தலை ஆடுவதுதானே மூளைக்கு ஆபத்து.

அப்படியென்றால் சின்னவன் பெரியவனை ஜெயிக்கவே முடியாதா? முடியும். நாம் படித்ததுதான். இயக்க ஆற்றலில் எடை ஒரு முறை வருகிறது, வேகம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. எடையை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் இரண்டு மடங்கு, வேகத்தை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்கு. இன்னொன்றும் உண்டு. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் கம்பியை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்தோமே, அது தாங்குகிற பளு குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. தசையும் ஏறக்குறைய அப்படித்தான். உருவம் பெரிதாகும்போது பரப்பு வர்க்கமாக ஏறுகிறது, எடையோ கனமாக ஏறுகிறது. அதனால்தான் எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியைத் தூக்குகிறது, யானையால் இன்னொரு யானையைத் தூக்க முடியாது. சின்ன உடம்புக்குத் தன் எடைக்கு ஏற்ற பலமும் வேகமும் அதிகம். எடைப் பிரிவு தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு லாபத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், எடை ஏற ஏற அந்த லாபமும் கரையும். சாப்பிட்டும் பயிற்சி செய்தும் தசையை ஏற்றலாம். கை நீளத்தை ஏற்ற முடியாது. தாடை எலும்பை மாற்ற முடியாது. எங்கப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஆள் 51 கிலோ, குத்துச்சண்டைக் கணக்கில் ஃபிளைவெயிட்! 75 கிலோ மூட்டையை முதுகில் வாங்கி லாரியில் ஏற்றுவார். அவரிடம் இந்தப் பாக்கியாவ் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "மூட்டை எடை ஏறும்டா, முதுகெலும்பு அதேதான்" என்றார். வர்க்கம், கனம் என்று நான் ஒரு பக்கத்துக்கு எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இப்போது கணக்குக்கு வருவோம். பழைய காலத்தில் மொத்தமே எட்டுப் பிரிவுதான். ஃபிளைவெயிட் 112 பவுண்டு, பாண்டம்வெயிட் 118, ஃபெதர்வெயிட் 126, லைட்வெயிட் 135, வெல்டர்வெயிட் 147, மிடில்வெயிட் 160, லைட் ஹெவிவெயிட் 175, அதற்கு மேல் எல்லாம் ஹெவிவெயிட். (ஒரு பவுண்டு 454 கிராம்.) பிற்பாடு 'சூப்பர்' என்றும் 'ஜூனியர்' என்றும் பெயர் வைத்து நடுவில் நடுவில் செருகி இன்று 17 ஆக்கிவிட்டார்கள். உதாரணமாக, ஃபிளைவெயிட்டில் இருந்து ஃபெதர்வெயிட்டுக்குப் போக முன்பு இரண்டே படி. இப்போது அதே 14 பவுண்டுக்கு நான்கு படி. உயரம் மாறவில்லை, படிக்கட்டுதான் கூடியிருக்கிறது.

அதோடு முடியவில்லை. பட்டம் கொடுக்கிற அமைப்புகளும் பெருகின. 1962-ல் பழைய அமைப்பு ஒன்று டபிள்யூ.பி.ஏ. என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1963-ல் டபிள்யூ.பி.சி. வந்தது. 1983-ல் ஐ.பி.எஃப்., 1988-ல் டபிள்யூ.பி.ஓ. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சாம்பியனை வைத்திருக்கும். 17-ஐ நாலால் பெருக்கிப் பாருங்கள், 68 நாற்காலி! முன்பு எட்டு நாற்காலிதான். (அந்தக் காலத்திலும் சில சமயம் ஒரே பிரிவில் இரண்டு பேர் 'நான்தான் சாம்பியன்' என்று சொன்னது உண்டு. ஆனால் இவ்வளவு இல்லை.)

இதை மனதில் வைத்துக்கொண்டு பழைய ஆட்களைப் பாருங்கள்.

மூன்று பிரிவில் உலகப் பட்டம் ஜெயித்த முதல் மனிதர் பாப் ஃபிட்சிம்மன்ஸ். இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். தொழில் என்ன தெரியுமா? கொல்லர்! நம் ஸ்மித்தி ஷாப்பில் பத்து நிமிடம் சம்மட்டி பிடித்தாலே தோள் கழன்று போகிறது. அவர் அதையே பிழைப்பாகச் செய்தவர். கால்கள் குச்சி, தோள் மட்டும் மலை. 1891-ல் மிடில்வெயிட் பட்டம். 1897 மார்ச் 17-ம் தேதி நெவாடா மாநிலத்தின் கார்சன் சிட்டியில், தன்னைவிட 15 பவுண்டுக்கு மேல் கனமான ஜேம்ஸ் கார்பெட்டை நெஞ்சுக்குழிக்குக் கீழே குத்தி 14-வது ரவுண்டில் சாய்த்து ஹெவிவெயிட் பட்டம். 1903-ல் லைட் ஹெவிவெயிட் என்ற பிரிவு புதிதாக உருவானதும், நாற்பது வயதில் அதையும் வாங்கினார்.

அடுத்து நம்ம ஆள், ஹென்றி ஆம்ஸ்ட்ராங். 1912-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து செயின்ட் லூயிஸ் நகரில் வளர்ந்த கறுப்பின வீரர். 1937-ம் வருடம் மட்டும் 27 சண்டை. அத்தனையும் வெற்றி, 26 நாக் அவுட்! மாதத்துக்கு இரண்டுக்கும் மேல். அந்தச் சமயம் ஜோ லூயிஸ் ஹெவிவெயிட் சாம்பியன் ஆகிவிட்டார், அமெரிக்காவே அவர் பின்னால். சின்ன எடைக்காரர்களின் சண்டைக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? அதனால் ஆம்ஸ்ட்ராங்கை வைத்துப் பணம் போட்டிருந்தவர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். ஒரே நேரத்தில் மூன்று பிரிவுப் பட்டமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும்!

1937 அக்டோபரில் பீட்டி சாரனை வீழ்த்தி ஃபெதர்வெயிட் பட்டம் வாங்கினார். அடுத்தது லைட்வெயிட் என்றுதானே நினைப்போம்? இல்லை, அதைத் தாண்டி நேரே வெல்டர்வெயிட்டுக்குப் போனார். 1938 மே 31, எதிரே பார்னி ராஸ். ராஸ் 142 பவுண்டு, ஆம்ஸ்ட்ராங் 133-க்குச் சற்று மேல். எடையைக் கூட்டிக் காட்டுவதற்காக வயிறு முட்ட பீரும் தண்ணீரும் குடித்துவிட்டுப் போனார் என்று ஒரு கதை உண்டு. பதினைந்து ரவுண்டு ராஸை விடாமல் அடித்தார். ராஸ் விழவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் ரிங்கிலேயே ஏறவில்லை.

மூன்றாவது, 1938 ஆகஸ்ட் 17, நியூயார்க்கில் லூ ஆம்பர்ஸுடன் லைட்வெயிட் பட்டத்துக்கான சண்டை. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆம்ஸ்ட்ராங்கின் வாய்க்குள் கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. தரையெல்லாம் ரத்தம். சண்டையை நிறுத்திவிடுவேன் என்று நடுவர் எச்சரிக்கிறார். நிறுத்தினால் பட்டம் போச்சு. ஆம்ஸ்ட்ராங் பல் கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரத்தத்தைத் துப்பாமல் விழுங்கிக்கொண்டே மிச்ச ரவுண்டுகளை ஆடி முடித்தார். நடுவர் குழுவும் ஒருமனதாக இல்லை, பிளவுத் தீர்ப்புதான். ஆனாலும் பட்டம் அவருக்கே. பத்து மாதத்துக்குள் மூன்று பட்டம், மூன்றும் ஒரே நேரத்தில் கையில்! எட்டு நாற்காலியில் மூன்றில் ஒருவரே உட்கார்ந்திருந்தார். அதைத்தான் நான் ஹாஸ்டலில் சொல்ல வந்தேன், யாரும் கேட்கவில்லை.

1940 மார்ச்சில் நாலாவதற்கும் முயன்றார். மிடில்வெயிட் சாம்பியன் என்று ஒரு பகுதியினர் ஏற்றுக்கொண்டிருந்த செஃபெரினோ கார்சியாவுடன் பத்து ரவுண்டு. தீர்ப்பு சமன். பட்டம் கைக்கு வரவில்லை. அந்தக் கார்சியா எந்த நாட்டுக்காரர் தெரியுமா? பிலிப்பைன்ஸ்! எழுபது வருடம் கழித்து எட்டை எட்டியவரும் அதே நாட்டுக்காரர்.

ஆம்ஸ்ட்ராங் எல்லை தாண்டி ஜெயித்தவர். எல்லை தாண்டித் தோற்ற ஒருவரையும் சொல்ல வேண்டும். சுகர் ரே ராபின்சன். எடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் உலகத்திலேயே சிறந்தவர் என்று பலரும் சொல்வது இவரைத்தான். வெல்டர்வெயிட், மிடில்வெயிட் இரண்டிலும் பட்டம். 1952 ஜூன் 25-ம் தேதி, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமுடன் மோதினார். மாக்சிம் சுமார் 15 பவுண்டு கூடுதல். அன்று அங்கே வெயில், ரிங்கில் விளக்குகளுக்குக் கீழே 104 டிகிரி ஃபாரன்ஹீட்! பத்தாவது ரவுண்டோடு நடுவரே மயங்கும் நிலைக்குப் போய், வேறு நடுவர் வந்தார். ராபின்சன் புள்ளியில் முன்னால் இருந்தார். பட்டத்துக்கு இன்னும் இரண்டே ரவுண்டு பாக்கி. பதின்மூன்றாவது முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஏறக்குறைய இருநூறு சண்டை போட்ட அந்த மனிதர் முழு வாழ்க்கையிலும் முடிக்காமல் தோற்றது அந்த ஒரே சண்டைதான். மாக்சிம் அடித்ததைவிட, சின்ன உடம்பை வைத்துக்கொண்டு பெரிய உடம்பைப் பிடித்துத் தள்ளித் தள்ளியே அவர் தீர்ந்துபோனார் என்று நினைக்கிறேன். கபடியில் 60 கிலோ ஆட்டத்தில் ஒருமுறை ஆடிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிடிபட்டு விழுந்ததைவிட, கோட்டுக்குத் திரும்ப இழுத்த இழுப்புதான் மறுநாள் வலித்தது.

1980-களில் இது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது. 1987 அக்டோபரில் டாமி ஹேர்ன்ஸ் நாலாவது பிரிவில் பட்டம் வாங்கினார், உலகில் முதல் ஆள். 1988 நவம்பர் 4-ம் தேதி, அப்போதுதான் தொடங்கியிருந்த டபிள்யூ.பி.ஓ.வின் பட்டத்தோடு ஐந்து ஆனது. சரியாக மூன்றே நாள் கழித்து சுகர் ரே லெனார்ட் டானி லலாண்டை வீழ்த்தி, ஒரே ராத்திரியில் நாலாவது, ஐந்தாவது இரண்டையும் வாங்கிவிட்டார்! எப்படி? லலாண்ட் லைட் ஹெவிவெயிட் சாம்பியன், அந்தப் பிரிவின் எல்லை 175. ஆனால் 168-க்கு மேல் வரக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள். 168 என்பது சூப்பர் மிடில்வெயிட்டின் எல்லை. புதிதாக அந்தப் பட்டத்தையும் மேசையில் வைத்தார்கள். ஒரு சண்டை, இரண்டு பிரிவு. லெனார்ட் பெரிய வீரர், அதில் சந்தேகமே இல்லை. நாலாவது ரவுண்டில் கீழே விழுந்து எழுந்து ஒன்பதாவதில் முடித்தார். ஆனாலும் 175 பட்டத்தை 175 பவுண்டு ஆளிடம் வாங்கவில்லையே என்று என் மனம் கணக்குப் பார்க்கிறது.

இந்த மாதிரி நடு எடை ஒப்பந்தம் பாக்கியாவ் விஷயத்திலும் உண்டு. மார்கரீட்டோவுடன் 154 பவுண்டு பட்டத்துக்கு 150-தான் எல்லை. மிகேல் கோட்டோவுடன் 147 பட்டத்துக்கு 145. இன்னொன்று, அவருடைய எட்டில் ஆறுதான் அந்த நான்கு பெரிய அமைப்புகளின் பட்டம். 2003-ல் பர்ரேராவையும் 2009-ல் ரிக்கி ஹாட்டனையும் வீழ்த்தியது, 'அந்தப் பிரிவின் உண்மையான முதல் ஆளை ஜெயித்தார்' என்ற கணக்கில் வருபவை. சீனியர் அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்! நானும் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பர்ரேராவும் ஹாட்டனும் சும்மா பெல்ட் கட்டியிருந்த ஆட்களைவிடப் பெரியவர்கள். எண்ணிக்கையைத் திறந்து உள்ளே பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது என்கிறேன்.

உள்ளே இருக்கிற முக்கியமான விஷயம், எடையைக் குறைப்பது. முன்பெல்லாம் சண்டை நாளன்றே எடை பார்ப்பார்கள். 1980-களில் இருந்து முந்தின நாள் பார்க்கிறார்கள். நடுவில் ஒரு நாளுக்கு மேல் கிடைக்கிறது. என்ன நடக்கும்? தண்ணீரை நிறுத்தி, வியர்வையாக இறைத்து, எடை மேடையில் 140 காட்டிவிட்டு, ராத்திரியெல்லாம் குடித்துச் சாப்பிட்டு மறுநாள் 150-க்கு மேல் ஏறி வருவார்கள். ஐ.பி.எஃப். மட்டும் சண்டை நாள் காலையில் இன்னொரு முறை எடை பார்த்து, 10 பவுண்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று விதி வைத்திருந்தது.

நானும் இதைச் செய்திருக்கிறேன். பிளஸ் டூ முடித்த வருடம் பொங்கலுக்கு 55 கிலோ கபடி. நான் 57. இரண்டு நாள் சோறு இல்லை, கடைசி நாள் தண்ணீரும் இல்லை. அப்பாவின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஏரிக்கரையில் ஓடினேன். மெஷினில் 54.9 காட்டியது, அவ்வளவு சந்தோஷம்! இரண்டாவது ரெய்டு பாடிப் போனேன். கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டது. எதிரணி ஆட்கள் நெகட்டிவ் படம் மாதிரி தெரிந்தார்கள். பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. விழித்தபோது அப்பா மடியில் இருந்தேன், வாயில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். திட்டவில்லை. "நம்ம வீட்ல காலேஜ் போகப்போறவன் நீ ஒருத்தன்தாண்டா" என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, வியர்த்து உடம்பைக் குளிர வைக்க முடியாமல் போகிறது. கூலன்ட் இல்லாமல் எஞ்சினை ஓட்டுகிற மாதிரி. 1997 கடைசியில் சில வாரங்களுக்குள் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர்கள் மூன்று பேர் எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அங்கே ரப்பர் உடையில் ஓடுவதைத் தடை செய்து, எடை பார்க்கிற நேரத்தையும் போட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட்டுக்கு 100 கிராமால் என்ன ஆனது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

குத்துச்சண்டையில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. எடை குறைத்தவன் மட்டும் இல்லை, எதிரே நிற்கிறவனும் பலியாகலாம். 2000 பிப்ரவரி, நியூயார்க். ஆர்ட்டூரோ கட்டி, ஜோயி கமாச்சி. கமாச்சி இரண்டு பிரிவில் உலகப் பட்டம் வாங்கியவர். கட்டியும் பிற்பாடு இரண்டாவது பிரிவில் வாங்கினார். ஒப்பந்த எல்லை 141 பவுண்டு. மறுநாள் ரிங்குக்கு வந்தபோது கட்டி சுமார் 160! ஒரே நாளில் எட்டு கிலோவுக்கு மேல். இரண்டாவது ரவுண்டில் கமாச்சி விழுந்தார், மூளையில் காயம். பிறகு சண்டையே போடவில்லை. காகிதத்தில் இருவரும் ஒரே எடை. நிஜத்தில் இரண்டு மூன்று பிரிவு வித்தியாசம்.

குறைத்தவனே கெட்டுப்போன கதை ஆஸ்கர் டி லா ஹோயாவுடையது. ஆறு பிரிவில் பட்டம் வாங்கியவர், 160 வரை ஏறியவர். 2008 டிசம்பரில் பாக்கியாவுடன் 147-ல் மோத ஒப்புக்கொண்டார். எல்லோரும் பெரியவர்தான் ஜெயிப்பார் என்றார்கள். ஆனால் அவர் உடம்பு வற்றிப்போயிருந்தது. எட்டு ரவுண்டு அடி வாங்கிவிட்டு ஸ்டூலில் இருந்து எழவில்லை. அதுவே அவருடைய கடைசிச் சண்டை.

பாக்கியாவிடமும் ஒரு தராசுக் கதை உண்டு. 1999-ல் தாய்லாந்தில் தன் ஃபிளைவெயிட் பட்டத்தைக் காக்கப் போனபோது எடை கூடிவிட்டது. பட்டம் தராசிலேயே போய்விட்டது. சண்டையிலும் மூன்றாவது ரவுண்டில் நாக் அவுட். பாக்கெட்டில் கனம் போட்டவனுக்கு எடை அதிகம் என்று பட்டம் பறிபோகிறது! வளர்கிற வயது, உடம்பைப் பிடித்து வைக்க முடியவில்லை. அதற்கப்புறம் அவர் இரண்டு படி தாண்டி 122 பவுண்டுக்குப் போனார். 2001-ல் வேறொருவர் வராததால் இரண்டு வாரம் முன்பு கூப்பிட்டு லாஸ் வேகாஸில் இறக்கினார்கள். தென் ஆப்பிரிக்காவின் லெட்வாபாவை வீழ்த்திப் பட்டம் வாங்கினார். இடது கை ஆட்டக்காரர். உள்ளே பாய்வார், நாலைந்து குத்து, எதிரி திருப்பி அடிக்கும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். எடை ஏறியும் அந்தக் கால் வேகம் குறையவில்லை. மார்கரீட்டோ சண்டையில்கூட அவர் 150 வரை ஏறாமல் 145-க்கும் கீழேதான் எடை காட்டினார். லாபம் கரையாத இடத்தில் நின்றுகொண்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இறங்குவது? ராய் ஜோன்ஸ் என்று ஒருவர், மிடில்வெயிட்டில் தொடங்கியவர். 2003 மார்ச்சில் 193 பவுண்டோடு போய், 226 பவுண்டு ஜான் ரூயிஸிடம் ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார். மிடில்வெயிட் சாம்பியனாக இருந்த ஒருவர் அதைச் செய்தது நம் கொல்லர் ஃபிட்சிம்மன்ஸுக்குப் பிறகு, 106 வருடம் கழித்து! அதோடு நின்றிருக்கலாம். ஏற்றிய தசையை எல்லாம் உருக்கிவிட்டு அதே வருடம் நவம்பரில் 175-க்கு இறங்கினார். அண்டோனியோ டார்வருடன் மூச்சு வாங்கி வாங்கித்தான் ஜெயித்தார். 2004 மே மாதம் அதே டார்வர் இரண்டாவது ரவுண்டில் ஒரே குத்தில் படுக்க வைத்தார். பத்து வருடத்துக்கு மேல் யாரும் சரியாகத் தொடக்கூட முடியாத மனிதர். அதற்கப்புறம் அவர் பழைய ஆளாக ஆகவே இல்லை.

இறங்கியும் பிழைத்த ஆள் உண்டா என்றால், பெண்களைத்தான் காட்ட வேண்டும். அமண்டா செரானோ ஏழு பிரிவில் பட்டம் வாங்கியவர். 2018 செப்டம்பரில் 140 பவுண்டு பட்டம், 2019 ஜனவரியில் 115 பவுண்டு பட்டம். நான்கு மாதத்தில் 25 பவுண்டு! அந்தச் சண்டை ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. நம் மேரி கோம் 45, 46, 48 கிலோ என்று உலகப் போட்டியில் தங்கம் வாங்கியவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 51 கிலோதான் கடைசிப் பிரிவு, அதனால் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. அங்கே வாங்கிய வெண்கலத்தை நான் தங்கத்துக்குக் குறைவாக நினைக்கவில்லை.

இன்று நான்கு அமைப்புகளின் பட்டத்தையும் ஒன்றாகச் சேர்ப்பதுதான் பெரிய விஷயம் என்று வீரர்களே நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். டெரன்ஸ் கிராஃபோர்டு 2017-ல் 140 பவுண்டில் நான்கையும், 2023-ல் 147-ல் நான்கையும் சேர்த்தார். 2025 செப்டம்பர் 13-ம் தேதி லாஸ் வேகாஸில் 168-ல் கனேலோ அல்வாரெஸிடம் இருந்து நான்கையும் வாங்கினார். மூன்று பிரிவில், ஒவ்வொன்றிலும் வேறு யாருக்கும் நாற்காலி இல்லாமல். நான்கு பெல்ட் காலத்தில் ஆண்களில் அவர்தான் முதல்.

அந்தச் சண்டைக்குப் பிறகு சீனியர் அண்ணன் என் ரூமுக்கு வந்தார். "கிராஃபோர்டு மூணுதான்டா, ஆனா இது வேற மூணு" என்றார். "ஆம்ஸ்ட்ராங்கும் அதே மூணுதான் அண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, ரெண்டு பேரும் ஒரே எடையில மோதினா?" என்று அடுத்த சண்டையை ஆரம்பித்தார்.

நான் இப்போது 58 கிலோ. ஊரில் இருந்து இந்தப் பொங்கலுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, 55-ம் உண்டு, 60-ம் உண்டு. 60-க்குப் பேர் கொடுத்துவிட்டேன். ராத்திரி மெஸ்ஸில் இரண்டு தோசை சேர்த்தே சாப்பிடுகிறேன்.